கடையா, குடும்பமா, தர்மமா? – வாசகர் கேள்வி பதில்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, பொள்ளாச்சி வட்டாரங்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வியாபாரம் செய்து, ஊரில் பேரும் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் விட்டுச்சென்ற கடை, நிலம், சத்திரம், கட்டளை (கோயில் பூஜை, விழாச் செலவுக்கு விட்ட கொடை) ஆகியவற்றை என்ன செய்வது என்பதே அது. அந்தக் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். சித்தூர் என்று வரும் இடமெல்லாம் பாலக்காட்டுச் சித்தூர்தான்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பாலக்காடு வலியங்காடியில் பலசரக்கு மண்டி, சித்தூரில் வீடும் தோட்டமும், கொல்லங்கோட்டுப் பக்கம் வயல், பொள்ளாச்சியில் எண்ணெய்ச் செக்கு என்று பல இடங்களில் சொத்து இருந்தது. ஒரு சத்திரமும் கட்டினார், கோயிலில் கட்டளையும் வைத்தார். வாரிசுகள் 22 பேர். பாகம் பிரிக்க எல்லாருக்கும் சம்மதம். எங்கிருந்து தொடங்குவது?

பாகப் பேச்சைச் சில மாதம் தள்ளி வையுங்கள். முதலில் சொத்துகளை மூன்று கட்டாகப் பிரிக்க வேண்டும். குடும்பத்துக்காக வாங்கியவை ஒரு கட்டு, கடையின் முதலில் (மூலதனத்தில்) வாங்கியவை ஒரு கட்டு, தர்மத்துக்கு விட்டவை ஒரு கட்டு. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிவிடுவதுதான் இந்த வட்டாரத்தில் அடிக்கடி நடக்கிற கோளாறு. சத்திரம் யாரோ ஒருவர் பங்கில் விழும், அவர் அதை விற்றுவிடுவார். வாங்கியவர் கடன் கேட்டு பேங்குக்குப் போகும்போது, மூலப் பத்திரத்தில் தர்மம் என்ற சொல் இருப்பதை அங்குள்ள வக்கீல் பார்ப்பார். அன்றைக்கு வழக்கு தொடங்கும். எல்லாருக்கும் ஒரே பாகப் பத்திரம் என்பதால் மற்ற 21 பேருடைய பங்கும் அதில் சிக்கிக்கொள்ளும்.

எது எந்தக் கட்டு என்பதை மூலப் பத்திரத்தின் முதல் பக்கமும் கடைப் பேரேடும் சேர்ந்துதான் சொல்லும். வாங்குபவரைச் சொல்லும் வரியில் ஆள் பெயர் இருக்கிறதா, கடை விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுத்த விவரத்தில் கடை முதலிலிருந்து என்று இருந்தால், அதே தேதிக்குப் பேரேட்டில் யார் பற்றில் அந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். கட்டிடக் கணக்கு என்று தனித் தலைப்பில் எழுதியிருந்தால் அது கடைச் சொத்து என்பதற்கு நல்ல சாட்சி. சொந்தப் பற்றில் எழுதியிருந்தால் கடைப் பணத்தை அவர் எடுத்து, தனக்கென்று வாங்கினார் என்று பொருள்.

தர்மக் கட்டில்தான் அதிக கவனம் வேண்டும். சொத்தே தர்மத்துக்கு விடப்பட்டதா, அல்லது சொத்து குடும்பத்துக்கு, அதன் வருமானத்திலிருந்து ஒரு செலவு மட்டும் தர்மத்துக்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையைப் பாகம் பிரிக்கவே முடியாது. இரண்டாம் வகை வாரிசுகளுக்கு வரும், ஆனால் அந்தச் செலவுப் பொறுப்போடு வரும், விற்றாலும் பொறுப்பு கூடவே போகும். வருமானத்தில் மிச்சம் யாருக்கு என்று பத்திரம் சொல்கிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆண்டு விழாவுக்கு இவ்வளவு ரூபாய் போக மீதியை வாரிசுகள் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருந்தால் இரண்டாம் வகை. மீதியும் அதே தர்மத்துக்கு என்றால் முதல் வகை. எழுத்து தெளிவாக இல்லாவிட்டால், வரி ரசீது யார் பெயரில், வாடகை எந்தக் கணக்கில் வரவு, ஊரார் தடையில்லாமல் தங்கினார்களா என்ற நடைமுறையை நீதிமன்றம் பார்க்கும்.

உங்கள் சொத்து மூன்று வேறு பகுதிகளில் சேர்ந்தது என்பதையும் மறக்காதீர்கள். பாலக்காடும் கொல்லங்கோடும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். சித்தூர் கொச்சி சமஸ்தானம். பொள்ளாச்சி சென்னை மாகாணத்திலேயே கோயம்புத்தூர் மாவட்டம். 1949 ஜூலை 1-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது, 1956 நவம்பர் 1-இல் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆனது. கட்டளை வைத்த கோயில் போர்டுக்குக் கீழ் வருவதானால், பாலக்காட்டுப் பக்கம் 1951-ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டமும் இன்றைய மலபார் தேவஸ்வம் போர்டும், சித்தூர்ப் பக்கம் கொச்சி தேவஸ்வம் போர்டும், பொள்ளாச்சியில் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் என்று மூன்று வழி. சென்னைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன. ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது.

மூன்று கட்டும் தெளிவான பிறகு, அந்தப் பட்டியலில் 22 பேரும் கையெழுத்துப் போடுங்கள். தர்மக் கட்டுக்குத் தனியாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் இன்று முதல் தர்மம் ஏற்படுத்துகிறோம் என்று எழுதவே கூடாது. அப்படி எழுதினால் நேற்றுவரை அது உங்கள் சொத்து என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏற்கெனவே நடந்துவரும் தர்மத்தை உறுதி செய்து, நிர்வாகத்தை வரையறுக்கிறோம் என்று எழுதுங்கள். அதற்குத் தனி பான் எண்ணும் தனி பேங்க் கணக்கும் வாங்கிய பிறகு, மீதி இரண்டு கட்டுக்கும் பாகம் எழுதலாம். கூர்ச்சீட்டு போதும் என்று யாராவது சொல்வார்கள். முன்பே வாய்மொழியாக நடந்து முடிந்த பாகத்தை நினைவுக்கு எழுதிவைக்கும் சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. அந்தச் சீட்டே பாகத்தைச் செய்வதானால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். பதியாவிட்டால் உரிமைக்குச் சாட்சியாக அதைக் காட்ட முடியாது.

சித்தூர் வாசகி: எங்களிடம் உள்ள நகலில் கொல்லம் 1105 துலாம் என்று தேதி இருக்கிறது. வில்லங்கம் போட்டால் ஒன்றுமே இல்லை என்று வருகிறது. பத்திரம் பொய்யா?

இதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்ல முடியாது. 1105-உடன் 825-ஐக் கூட்டி 1930 முதல் தேடச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். கொல்லம் ஆண்டு சிங்ங மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. சிங்ஙம் தொடங்கி டிசம்பர் முடியும்வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (நம் ஆடி) முடியும்வரைதான் 825. துலாம் நம் ஐப்பசி, ஆகவே உங்கள் பத்திரம் 1929 அக்டோபர் – நவம்பரைச் சேர்ந்தது. நீங்கள் தேடத் தொடங்கிய தேதிக்கு முன்பே பதிவாகிவிட்டது. தனு (நம் மார்கழி) மாதத்தின் நடுவில்தான் ஜனவரி பிறக்கும் என்பதால் தனுப் பத்திரங்களுக்கு இரண்டு ஆண்டையும் பார்க்க வேண்டும். எப்போதும் கணக்கிட்ட தேதிக்கு ஓராண்டு முன்னாலிருந்து தேடச் சொல்லுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் சர்வே எண்ணைச் சந்தேகப்படுங்கள். ரீசர்வேயில் (மறு நில அளவையில்) எண் மாறியிருந்தால், இன்றைய எண்ணை வைத்து அன்றைய பத்திரத்தைப் பிடிக்க முடியாது. வில்லேஜ் ஆபீஸில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புப் பட்டியலைக் கேட்டு, பழைய எண்ணில் தேடுங்கள். பழைய பத்திரங்கள் பலவற்றில் நான்கெல்லை மட்டும்தான் இருக்கும், எண்ணே இருக்காது. அப்போது சப் ரிஜிஸ்தர் ஆபீஸில் பெயர்வாரி அட்டவணையான முதல் இன்டெக்ஸைப் பார்க்கச் சொல்ல வேண்டும், சொத்துவாரியான இரண்டாம் இன்டெக்ஸ் உதவாது. தாத்தாவின் பெயரை இனிஷியலோடும் இல்லாமலும், சாதிப் பட்டத்தோடும் இல்லாமலும், கடை விலாசத்தோடும், மலையாளத்தில் எழுதும்போது மாறக்கூடிய வடிவங்களோடும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

நிலப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உறவைக் காட்டச் சொன்னால் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகத்தில் மட்டும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜென்டோதான் நகல் வாங்க முடியும். அவர் இறந்த பிறகு மற்றவர்களும் கேட்கலாம். இன்னொன்று, 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

பொள்ளாச்சி வாசகர்: கொல்லங்கோட்டுப் பக்கம் 40 பறை வயலுக்குப் பத்திரம் எங்களிடம் இருக்கிறது. அங்கே வேறொருவர் பயிர் செய்கிறார். மீட்க முடியுமா?

அந்த வயல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் முடியாது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி 1970 ஜனவரி 1 முதல் குத்தகை நிலத்தில் உடைமையாளரின் உரிமை அரசைச் சேர்ந்துவிட்டது. குத்தகைதாரர் லேண்ட் டிரிப்யூனலில் கிரயச் சான்று வாங்கி முழு உடைமையாளர் ஆகிவிடுவார். உங்கள் கையிலுள்ள மூலப் பத்திரம் உண்மையானதுதான், ஆனால் அந்த நாளோடு அதன் பலம் முடிந்துவிட்டது. வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் கணக்கை (நில வரிப் பதிவேட்டை) பார்த்தால் இன்றைக்கு யார் பெயரில் கரம் கட்டப்படுகிறது என்று தெரியும். அந்தப் பெயர் கிரயச் சான்றின் வழியாக ஏறியிருந்தால் வக்கீல் செலவு வீண்.

இரண்டு விதிவிலக்குகளைப் பாருங்கள். உங்கள் குடும்பமே ஆள் வைத்துப் பயிர் செய்த வயலானால் அது உச்சவரம்புக்குள் வந்ததா என்ற கேள்வி வரும். 2 முதல் 5 பேர் உள்ள குடும்பத்துக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் வகையை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), அதுவும் சாதாரண ஏக்கரில் 12-க்குக் குறையாமல் 15-க்கு மிகாமல். அடுத்தது, அந்த வயல் பொதுத் தர்மத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ விடப்பட்டதாக இருந்தால், நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக ஆண்டுதோறும் அரசிடம் வருஷாசனம் பெறும் வழி அதே சட்டத்தில் இருந்தது. நிர்வாகம் பார்த்தவர் இறந்து, கையெழுத்துப் போட ஆளில்லாமல் வருஷாசனம் நின்றுபோன தர்மங்கள் உண்டு. தர்மத்தின் பழைய பேங்க் பாஸ்புக்கில் அப்படி ஏதாவது வரவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பறைக் கணக்கை ஏக்கராக மாற்றிச் சண்டை போடாதீர்கள். அது விதைப்பாட்டு அளவு, இடத்துக்கு இடம் மாறும். சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான் நிற்கும்.

பாலக்காடு வாசகர்: பாட்டனார் கட்டிய சத்திரத்தை ஒரு கிளையினர் மட்டும் நிர்வகிக்கிறார்கள். கீழ்த்தளம் முழுக்கக் கடைகளுக்கு வாடகைக்குப் போய்விட்டது, கணக்குக் காட்டுவதில்லை. கால வரம்பு கடந்துவிட்டதா?

கடக்கவில்லை. 1963-ஆம் ஆண்டுக் கால வரம்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ, அவரிடமும் அவருடைய வாரிசுகளிடமும் அந்தச் சொத்தையும் கணக்கையும் கேட்க எந்தக் கால வரம்பும் கிடையாது. விலை கொடுத்து வாங்கியவர் விஷயத்தில் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் விற்பனைப் பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே அசையுங்கள்.

முதலில் மூலப் பத்திரத்தின் நகலோடு, கடந்த ஆண்டுகளின் வாடகை வரவு செலவைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். முனிசிபாலிட்டியில் கட்டிட வரிப் பதிவேட்டின் நகல் வாங்கி, சத்திரத்தின் பெயர் எந்த ஆண்டில் தனிநபர் பெயராக மாறியது என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் மோசடியின் முதல் தடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு, பொதுத் தர்மமானால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. தர்மத்தில் அக்கறை உள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள், நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குப் போடலாம். நிர்வாகியை நீக்குவது, புதியவரை அமர்த்துவது, கணக்குக் கேட்பது, நிர்வாகத் திட்டம் வகுப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்த இருவர் குடும்பத்தாராக இருக்க வேண்டும் என்பதில்லை, சத்திரத்தால் பயன்பெறும் ஊர்க்காரர்களும் போடலாம். ஒரு வாரிசும் ஒரு ஊர்க்காரரும் சேர்ந்து போட்டால், பங்காளிச் சண்டை என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிப் பேச முடியாது.

நீதிமன்றம் வந்தால் தர்மம் அழிந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். சென்னை வணிகர் பச்சையப்ப முதலியாரின் தர்மத்தை நினைத்துப் பாருங்கள். அவர் 1794-இல் உயில் எழுதி, அதே ஆண்டில் இறந்தார். அதற்குப் பின் அந்தப் பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டுக் கணக்கை ஒழுங்குபடுத்திய பிறகுதான், சேர்ந்திருந்த மிச்சத்தில் 1842-இல் பள்ளி பிறந்தது. பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. குடும்பத்துக்கு வெளியே கணக்குக் கேட்க ஒருவர் இருந்தால்தான் தர்மம் நிலைக்கும். நீங்கள் கேட்கும் திட்டத்தில் வெளியார் ஒருவராவது நிர்வாகத்தில் இருக்கட்டும், ஆண்டுக் கணக்கைச் சத்திரத்தின் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கட்டும்.

மீனாட்சிபுரம் வாசகி: மகள்களுக்குத் தமிழ்நாட்டுச் சொத்தில் பங்கு உண்டு, கேரளச் சொத்தில் இல்லை என்று அண்ணன் சொல்கிறார். சரியா?

அப்படிப் பொதுவாகச் சொல்லக்கூடாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது எந்த மாநிலத்தில் இருந்தாலும், உயில் இல்லாவிட்டால், மகன், மகள், மனைவி, அவருடைய தாய் எல்லாருக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அதைத் தந்துவிட்டது. பேச்சு கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது மட்டும்தான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகங்களை மட்டும் தொட முடியாது.

கேரளத்தில் 1976 டிசம்பர் 1 அன்று கூட்டுக் குடும்ப முறையே ஒழிக்கப்பட்டு, அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தனித்தனிப் பங்கு ஏற்பட்டது. அப்படி உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பங்கு அவர் இறந்தபோது உங்களுக்கும் வரும். ஆகவே பங்கே இல்லை என்பது தவறு, பங்கின் அளவு வேறுபடலாம் என்பதே சரி. கேரளச் சட்டத்துக்கும் மத்தியச் சட்டத்துக்கும் உள்ள உரசலில் தீர்ப்புகள் வந்துகொண்டிருப்பதால், கையெழுத்துப் போடுமுன் பாலக்காட்டு வக்கீல் ஒருவரிடமும் காட்டுங்கள். விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில்) இரண்டு மாநிலச் சொத்தையும் ஒரே வரியில் சேர்த்து எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பாலக்காடு வாசகர்: பழைய மண்டிக் கட்டிடத்தின் சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசினோம். இரண்டு மழைக்குள் பெயர்ந்து விழுகிறது. ஓட்டுக் கூரையும் ஒழுகுகிறது.

சிமென்ட்தான் காரணம். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளே உப்போடு தேங்கி, பூச்சைத் தள்ளும். சிமென்டை முழுக்க எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடையாவது காய விடுங்கள். உப்புப் பூத்ததை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பூச்சுக்கு 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த ஆற்று மணல். சுண்ணாம்பு தண்ணீரில் குறைந்தது 3 வாரம் ஊறியிருக்க வேண்டும். சரியாக நீறாத கட்டிகள் சுவரில் ஏறிய பிறகு வெடித்துக் குழி விழும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூச வேண்டாம், ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இத்தனையும் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

கூரைக்கு மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும், உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். வேறு வேறு கம்பெனி ஓட்டைக் கலந்தால் விளிம்புப் பள்ளம் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒழுகலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய ஓடுகளைக் கழற்றி ஒரு சரிவில் சேர்த்து, புதியவற்றை மறு சரிவில் போடுங்கள். இரண்டு சரிவு சேரும் தகரப் பாத்தியை மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்யாவிட்டால் உத்திரத்தின் முனைதான் முதலில் அழுகும். வாசலில் கல்வெட்டோ கொடைப் பலகையோ இருந்தால் அதன் மேல் எதையும் பூசாதீர்கள். அதில் உள்ள பெயரும் ஆண்டும் நாளைக்கு நீதிமன்றத்தில் உதவும்.

கொல்லங்கோடு வாசகர்: பரணில் கடைக் கணக்குகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எண்களே புரியவில்லை. வைத்திருப்பதா?

ஒரு தாளைக்கூட எறியாதீர்கள். எழுத்துபோல் தெரிபவை தமிழ் எண்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௩௰ என்றால் 1930. பங்குகள் பின்னத்தில் இருக்கும். கால் என்பது நாலணா, அரைக்கால் இரண்டணா, மாகாணி ஓரணா. அரையே அரைக்கால் என்றால் பத்தணா. ஒரு பாகப் பட்டியலின் பங்குகளைக் கூட்டினால் 16 அணா வர வேண்டும். வராவிட்டால் ஒரு வாரிசின் வரி விடுபட்டிருக்கிறது அல்லது தர்மத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், விபவ என்று மட்டும் இருந்தால் 1868-ஆ 1928-ஆ என்பதைப் பக்கத்திலுள்ள ஆட்களின் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள்.

மகமை, அதாவது வியாபாரத்தில் தர்மத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தின் கணக்கைத் தனியாக எடுத்து வையுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்த அந்தப் பணம் உங்கள் கடை லாபத்திலிருந்து மட்டும் போனதா, மற்ற வியாபாரிகளிடமும் வசூலானதா என்று பாருங்கள். மற்றவர்களிடமும் வசூலித்துக் கட்டியதானால், அந்தப் பள்ளியையோ தண்ணீர்ப் பந்தலையோ எங்கள் குடும்பம் கட்டியது என்று சொல்வது நியாயமில்லை, பாகத்தில் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

தாள்களை வெயிலில் காய வைக்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். மென்மையான பிரஷால் தூசி தட்டி, பக்க வரிசை மாறாமல் போட்டோ எடுத்து, துணியில் கட்டித் தரைக்கு மேல் வையுங்கள். உங்களிடம் இல்லாத அரசு ஆவணங்களுக்கு, மலபார்ப் பகுதியானால் கோழிக்கோடு ஆவணக் காப்பகம், கொச்சிப் பகுதியானால் எர்ணாகுளம் காப்பகம், இரண்டிலும் இல்லாத மாகாண ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூர்.

வேலந்தாவளம் வாசகர்: தாத்தாவின் கடைப் பெயரை மூன்று பங்காளிகளும் போர்டில் போட்டிருக்கிறோம். யாருக்கு உரிமை?

கூட்டு வியாபாரம் கலைந்தபோது எழுதிய பத்திரத்தில் பெயரும் நல்லெண்ணமும் (குட்வில்) யாருக்கு என்று இருந்தால் அவருக்கு. பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால், மூவரும் ஒப்பந்தம் எழுதி ஆளுக்கு ஓர் ஊரோ ஒரு சரக்கோ பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ரகசியமாக டிரேட் மார்க் விண்ணப்பம் போட்டால், விளம்பர ஜர்னலில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், லேபிள், விற்பனை வரி ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் இப்போதே அடுக்கி வையுங்கள்.